புரூஸ் ஏம்ஸின் மேற்கோள் கணக்கு

1973 முதல் 1984 வரை, எல்லா அறிவியல் துறைகளையும் சேர்த்து, சக ஆய்வாளர்களால் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர்களை வரிசைப்படுத்தியபோது 23ஆம் இடத்தில் இருந்தவர் புரூஸ் ஏம்ஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அவருக்குப் பெயர் தேடித்தந்த நச்சியலோ சிறிய துறை. அங்கிருந்து ஒருவர் இவ்வளவு மேலே வருவது அபூர்வம். 2024 அக்டோபரில் 95 வயதில் அவர் இறந்தபோது, அவர் பெயரில் 540க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருந்தன.

இந்த எண்களைக் கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முயல்பவர் விரைவிலேயே திகைத்து நிற்பார். 1970களில் ஏம்ஸ் எழுதியவை தொழிற்சாலை வேதிப்பொருள்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. 1980களின் பிற்பகுதியிலிருந்து அவர் எழுதியவற்றில் பல, அதே வேதிப்பொருள்களைப் பற்றிய அச்சம் மிகையானது என்று வாதாடின. முதல் வகையை மேற்கோள் காட்டியவர்களும் ஏராளம், இரண்டாம் வகையை மேற்கோள் காட்டியவர்களும் ஏராளம். அவரை மறுத்து எழுதியவர்களும் அவர் பெயரைக் குறிப்பிட்டே மறுத்தார்கள். எல்லாம் கூடி ஒரே தொகையாகிவிட்டது. அந்தத் தொகை எதை அளந்தது என்று கேட்டால், அவர் செய்துகொடுத்த கருவியை எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் முக்கியமாக அளந்தது என்பேன். அவர் சொன்னது சரியா என்பதும், அவரால் யார் காப்பாற்றப்பட்டார்கள் என்பதும் அந்தத் தொகைக்குள் வரவே இல்லை.

மேற்கோள்களை எண்ணும் பழக்கத்துக்கு வித்திட்டவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் 'சயன்ஸ்' இதழில் யோசனையாக முன்வைத்து, 1964 முதல் அச்சுத் தொகுதிகளாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு பழைய கட்டுரையை அதற்குப் பிறகு யாரெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று தேடிப் பிடிக்க நூலகங்களுக்கு உதவும் அட்டவணையாகத்தான் அது பிறந்தது. மனிதர்களைத் தரம் பிரிக்கும் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒன்றாக அளக்கும் எச்-எண்ணை அறிமுகப்படுத்திய பிறகு, ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஓர் இலக்கத்தில் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வேரூன்றியது. நம் பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. இந்திய உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் கட்டுரைகளும் மேற்கோள்களும் எண்ணப்படுகின்றன.

இந்தக் கணக்கின் பழைய குணம் ஒன்று உண்டு. செய்முறைக் கட்டுரைகள் எப்போதும் முன்னே நிற்கும். கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை விவரித்து 1951இல் ஆலிவர் லவ்ரி எழுதிய கட்டுரை, 2014இல் 'நேச்சர்' இதழ் எடுத்த கணக்கின்படி 3,05,000 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அறிவியல் வரலாற்றில் அதுவரை வேறெந்தக் கட்டுரைக்கும் இந்த எண் கிடைத்திருக்கவில்லை. அது பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை என்று லவ்ரியே எழுதியிருக்கிறார். ஏம்ஸின் உயரத்துக்கும் காரணம் ஒரு செய்முறைதான். ஆனால் லவ்ரியின் முறையைப் போல அது வெறும் அளவுகோலாக நிற்கவில்லை. ஒரு கருத்தைச் சுமந்துகொண்டு வந்தது. அங்கேதான் கதை சிக்கலாகிறது.

ஏம்ஸ் 1953 முதல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றினார். நஞ்சுக்கும் அவருடைய அன்றைய வேலைக்கும் தொடர்பில்லை. சால்மோனெல்லா டைஃபிமுரியம் என்ற குடல் பாக்டீரியா, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரிக்கிறது, அந்த உற்பத்தியை மரபணுக்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதே அவருடைய கேள்வி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஹார்ட்மன் சேர்த்து வைத்திருந்த பாக்டீரியா ரகங்கள் இந்த வேலைக்குத் துணை நின்றன. 1964இல் உருளைக்கிழங்கு வறுவல் உறையில் அச்சிட்டிருந்த சேர்மானப் பட்டியலைப் படித்தபோது, இந்தப் பொருள்கள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துமா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்ற கேள்வி எழுந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடை தேட அவர் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஹிஸ்டிடின் மரபணு பழுதான பாக்டீரியாக்கள் அவருடைய ஆய்வகத்திலேயே இருந்தன.

ஹிஸ்டிடினைத் தானே தயாரிக்க முடியாத பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத ஊடகத்தில் பரப்பினால் அது பெருகாது. ஒரு தட்டில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். தானாகவே திறன் மீண்ட ஒரு சிலவற்றைத் தவிர ஒன்றும் வளராது. அதே தட்டில் ஐயத்துக்குரிய வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். அது டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடியதாக இருந்தால், பழுதான அதே இடத்தில் இன்னொரு சடுதி மாற்றம் ஏற்பட்டு, சில பாக்டீரியாக்களில் ஹிஸ்டிடின் தயாரிக்கும் திறன் மீண்டுவிடும். மீண்ட ஒவ்வொன்றும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். 37 பாகை செல்சியஸில் 2 நாள் வைத்திருந்து, எடுத்து, புள்ளிகளை எண்ண வேண்டும். சேதத்தைத் தேடுவதற்கு மாறாக, சேதத்தால் பிழைத்து எழுந்தவற்றைத் தேடுவதுதான் இந்தச் சோதனையின் அழகு. 10 கோடியில் 50 மாறினாலும் தெரிந்துவிடும். எலிகளையும் சுண்டெலிகளையும் நூற்றுக்கணக்கில் வைத்து 2 ஆண்டு தீனி போட்டு நடத்தும் சோதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வேகம் எப்படிப்பட்ட விடுதலையாக இருந்திருக்கும் என்று விளங்கும்.

அவர் அதோடு நிற்கவில்லை. பாக்டீரியாவின் வெளிச்சுவரைப் பழுதாக்கிப் பெரிய மூலக்கூறுகளும் உள்ளே நுழையும்படி செய்தார். டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் மரபணு ஒன்றை நீக்கினார். பிற்பாடு பி.கே.எம்.101 என்ற பிளாஸ்மிடை, அதாவது ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தை, சேர்த்தபோது சோதனையின் கூர்மை பல மடங்கு ஏறியது. ஜப்பானில் 1960களின் நடுவிலிருந்து டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் கலக்கப்பட்டுவந்த ஏ.எஃப்-2 என்ற பதப்படுத்தும் பொருள் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆரம்ப விலங்குச் சோதனைகளில் அது தப்பித்துக்கொண்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியாவில் அதன் சடுதி மாற்ற ஆற்றலைக் கண்டார்கள். 1974இல் தடை வந்தது. அதைத் துல்லியமாகப் பிடிக்கும் திறன் ஏம்ஸின் ரகங்களுக்கு இந்தப் பிளாஸ்மிடால்தான் வாய்த்தது.

இன்னொரு தடை இருந்தது. பல வேதிப்பொருள்கள் உள்ளே போகும்போது சாதுவானவை. அவற்றை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் மாற்றியமைக்கும்போதுதான் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் வடிவம் பெறுகின்றன. விஸ்கான்சினில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி இதைப் பல ஆண்டு உழைப்பில் நிறுவியிருந்தார்கள். பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது. அதனால் எலியின் கல்லீரலை அரைத்து, புவியீர்ப்பின் 9,000 மடங்கு விசையில் சுழற்றி, மேலே தெளியும் திரவத்தை ஏம்ஸ் தட்டிலேயே கலந்தார். எஸ்9 என்று இன்றும் ஆய்வகங்களில் அதற்குப் பெயர். 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக நடவடிக்கை இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே புற்றுநோய்க் காரணிகள் சடுதி மாற்றக் காரணிகள் என்று தயக்கமின்றி அறிவித்தது.

எண்ணிக்கையின் முதல் ஓரவஞ்சனை இங்கே வெளிப்படுகிறது. கல்லீரல் நுண்கூறுகளையும் பாக்டீரியாவையும் சேர்த்து, டைமெதில்நைட்ரசமீன் என்ற பொருள் இப்படித்தான் சடுதி மாற்றக் காரணியாகிறது என்று 1971இலேயே காட்டியவர் ஹைன்ரிக் மாலிங். ஏம்ஸ் அதைத் தட்டுக்குள் கொண்டுவந்து, எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடியதாக எளிமையாக்கினார். எளிமையாக்கியது சிறிய வேலை இல்லை. ஆனால் உலகம் இதை ஏம்ஸ் சோதனை என்றே அழைக்கிறது, மாலிங்கின் பெயர் துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். ஜாய்ஸ் மெக்கான், எடித் யமசாகி இருவரும் இதே நிழலில்தான் நிற்கிறார்கள். 1975இல் வந்த செய்முறைக் கட்டுரை, ஏம்ஸை உலகமெங்கும் கொண்டுசேர்த்த கட்டுரை, இவர்கள் இருவரும் அவரோடு சேர்ந்து எழுதியது.

அந்த மேற்கோள்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? கேட்டவர்களுக்கெல்லாம் ஏம்ஸ் தம் பாக்டீரியா ரகங்களை விலையில்லாமல் அனுப்பிவைத்தார். கேட்டவை உலகெங்கும் இருந்த ஆய்வகங்கள், ஆயிரக்கணக்கில். பெற்றுக்கொண்டவர்கள் தங்கள் ஊர்ச் சாயத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஆற்று நீரையும் சோதித்தார்கள், முடிவை எழுதும்போது அவருடைய செய்முறையைக் குறிப்பிட்டார்கள். டோக்கியோவில் தகாஷி சுகிமுரா, கருகிய மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் சடுதி மாற்றக் காரணிகளை 1977இல் இந்தச் சோதனை கொண்டே கண்டுபிடித்து, ஒரு புதிய துறையையே திறந்தார். ரகங்களைப் பூட்டிவைத்திருந்தால் ஏம்ஸ் 23ஆம் இடத்துக்கு வந்திருக்க மாட்டார். அவருடைய எண்ணின் பெரும்பகுதி அவருடைய கொடையின் அளவு என்றே நான் படிக்கிறேன். எச்-எண்ணைப் பார்க்கும் எந்தத் தேர்வுக்குழுவும் இதைப் பார்ப்பதில்லை.

இனி அந்தச் சோதனை மனிதர் வாழ்வில் செய்ததைப் பார்க்கலாம். 1975இல் ஏம்ஸ் குழு 169 தலைமுடிச் சாயங்களைச் சோதித்தது. 150 சாயங்கள் சடுதி மாற்றத்தை உண்டாக்கின. அதைவிட ஆழமாக என்னைத் தொட்டது குழந்தைகளின் இரவு உடை விவகாரம். தீப்பற்றி எரியும் உடையால் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. நல்ல நோக்கம். விதியை நிறைவேற்ற உற்பத்தியாளர்கள் தேர்ந்தெடுத்தது டிரிஸ் என்ற புரோமின் சேர்மம். துணியின் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு வரை அது ஏற்றப்பட்டது. கோடிக்கணக்கான குழந்தைகள் அதை உடுத்தி இரவெல்லாம் தூங்கினார்கள். ஆர்லின் ப்ளம் என்ற வேதியியலாளரும் ஏம்ஸும் 1977 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் இந்தப் பொருளின் ஆபத்தைச் சுட்டினார்கள். ஏப்ரலில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் டிரிஸ் ஏற்றிய குழந்தை உடைகளைத் தடைசெய்தது. மறு ஆண்டு, அந்த உடையை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில் டிரிஸின் சிதைபொருள் இருப்பதை அதே குழு காட்டியது. புரோமினுக்குப் பதில் குளோரின் வைத்த இன்னொரு டிரிஸ் சந்தைக்கு வந்தபோது அதையும் சோதித்து 1978இல் எச்சரித்தார்கள். குழந்தை உடையிலிருந்து அது விலகியது, சோஃபாவின் நுரைப்பஞ்சுக்குள் போய்ப் பல ஆண்டு தங்கியது. அன்னபூர்ணா சிகரத்துக்கு 1978இல் பெண்கள் குழுவை வழிநடத்திய அதே ஆர்லின் ப்ளம், பல பத்தாண்டுகள் கழித்து மீண்டும் இந்தப் போராட்டத்துக்கு வந்தார்.

இந்தத் தடை மேற்கோள் அட்டவணையில் எங்கே பதிவாகிறது? ஆணையத்தின் உத்தரவு ஆய்விதழில் வருவதில்லை. டிரிஸ் இல்லாத உடையில் தூங்கிய குழந்தை யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை.

புகழின் உச்சத்தில் ஒரு பெரிய கூற்று எழுந்தது. 1975இல் மெக்கானும் ஏம்ஸும் சகாக்களும் 300 வேதிப்பொருள்களைச் சோதித்து, அறியப்பட்ட புற்றுநோய்க் காரணிகளில் 90 விழுக்காடு இந்தச் சோதனையில் பிடிபடுகின்றன என்று வெளியிட்டார்கள். உலகம் அந்த 90ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1987இல் ரேமண்ட் டெனன்ட்டும் சகாக்களும், அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் எலிகளிலும் சுண்டெலிகளிலும் சோதித்து முடித்த 73 வேதிப்பொருள்களை எடுத்துப் பார்த்தார்கள். ஏம்ஸ் சோதனையின் முடிவு விலங்குச் சோதனையோடு ஒத்துப்போனது ஏறக்குறைய 60 விழுக்காடுதான். விலங்குகளில் புற்றுநோய் தந்தவற்றில் பாதிக்கும் சற்றுக் குறைவானவையே பாக்டீரியாவில் தெரிந்தன. 1975இல் பொய் சொல்லப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. அன்று கையில் இருந்த புற்றுநோய்க் காரணிகள் பெரும்பாலும் டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் வலுவான குடும்பங்களைச் சேர்ந்தவை. பின்னர் சோதிக்கப்பட்டவற்றில் வேறு வழிகளில் கட்டியை வளர்க்கும் பொருள்கள் நிறைய. தேர்ந்தெடுத்த மாதிரி மாறியதும் விழுக்காடும் மாறியது. ஆனால் கவனியுங்கள், 90 என்று சொன்ன கட்டுரையை மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும் ஏம்ஸின் கணக்கில் ஒன்று கூடும். திருத்தப்படுவதாலும் ஒருவர் உயர்கிறார்.

ஏம்ஸே தம் 1973 கட்டுரைத் தலைப்பின் உறுதியிலிருந்து விலகி வந்தார். 1990இல் சக ஆய்வாளர் லாயிஸ் கோல்டுடன் எழுதியவற்றில், எலியின் உடல் தாங்கக்கூடிய உச்ச அளவில் ஒரு வேதிப்பொருளை நாள்தோறும் புகட்டினால் திசுக்கள் சேதமடைந்து செல்கள் அடிக்கடி பிரிகின்றன, அந்தப் பிரிவே சடுதி மாற்றத்தையும் கட்டியையும் கொண்டுவரலாம் என்று வாதிட்டார். சோதித்த பொருள்களில் செயற்கையானவற்றில் பாதியும் இயற்கையானவற்றில் பாதியும் எலியில் புற்றுநோய் தருகின்றன என்பது அவர்கள் காட்டிய சான்று. பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் தாவரங்களே நஞ்சு தயாரிக்கின்றன. உணவோடு அமெரிக்கர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் இந்த இயற்கை நஞ்சு சுமார் 1.5 கிராம் என்றும், எடையில் பார்த்தால் உணவில் உள்ள பூச்சிக்கொல்லிகளில் 99.99 விழுக்காடு இயற்கையானவை என்றும் கணக்கிட்டார்கள். முட்டைக்கோசில் மட்டும் 49 பொருள்களைப் பட்டியலிட்டார்கள். 1983இலிருந்தே அவருடைய பட்டியல்களில் கடுகும் மிளகும் காபியும் இடம்பெற்றுவந்தன. நம் அடுக்களையில் ஒரு நாள்கூட ஓயாத பொருள்கள்.

இந்த வாதத்தின் முதல் பாதி எனக்கு ஏற்புடையது. உச்ச அளவில் எலிக்கு நேர்வதை மனிதரின் சிறிய அளவுக்கு நேர்க்கோட்டில் இழுப்பது பலவீனமான ஊகம் என்பது உண்மை. இரண்டாம் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. கடுகை நாம் தேர்ந்து தாளிக்கிறோம். தொழிற்சாலை ஓரத்தில் குடியிருப்பவர் தம் கிணற்று நீரில் கலப்பதைத் தேர்வதில்லை. சராசரி நுகர்வோரின் தட்டை அளந்து ஆபத்தைத் தரம் பிரித்தால், தெளிப்பான் சுமக்கும் கூலித் தொழிலாளி அந்தச் சராசரியில் காணாமல் போகிறார். 1987இல் 'சயன்ஸ்' இதழில் ஏம்ஸ் குழு வெளியிட்ட ஆபத்துத் தரவரிசைக்கு சாமுவேல் எப்ஸ்டீன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1988இல் கடுமையான மறுப்பு எழுதினார்கள். ஃபிரெடரிகா பெரேராவும் பாவ்லோ பொஃபெட்டாவும் அதே ஆண்டில் அந்த ஒப்பீட்டு முறையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். கலிஃபோர்னிய வாக்காளர்கள் முன் சுற்றுச்சூழல் சட்ட முன்மொழிவுகள் வந்தபோது, 1970களில் சுற்றுச்சூழல் இயக்கங்களின் நாயகனாக இருந்தவர் எதிரணியில் நின்றார். அவர் மாறியது குற்றம் என்று நான் கருதவில்லை. தம் கைச்சரக்கையே ஐயப்படும் துணிவு அரிது. ஆனால் அந்த இரண்டாம் குரலுக்குக் கிடைத்த எடையில் ஒரு பங்கு முதல் குரல் சம்பாதித்தது. தட்டில் புள்ளி எண்ணும் முறைக்காக வந்த ஆயிரக்கணக்கான மேற்கோள்கள், கொள்கை விவாதத்தில் அவர் சொல்லுக்கு முதலாகின. ஒரு செய்முறை துல்லியமானது என்பதற்கான சான்று, அதைச் செய்தவரின் சமூகத் தீர்ப்பும் துல்லியமானது என்பதற்குச் சான்றாகாது.

1993இல் இன்னொரு திருப்பம். ஆக்சிஜனேற்றச் சேதமும் மூப்பின் நோய்களும் பற்றி ஷிகெனாகா, ஹேகன் இருவரோடும் எழுதிய மறு ஆய்வுக் கட்டுரை, அவருடைய செய்முறைக் கட்டுரைகளுக்கு இணையாக மேற்கோள் குவித்தது. கடைசி ஆண்டுகளை ஊட்டச்சத்துக் குறைவும் முதுமையும் பற்றிய ஆய்வில் கழித்தார். 1998இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது.

மேற்கோள் கணக்கு விட்டுவிட்ட மிகப் பெரிய பகுதி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு முழுதாக வென்றுவிட்டால் அதன் மூலத்தைச் சொல்லும் தேவை மறைந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டினார். ஏம்ஸ் சோதனைக்கு அதுதான் நேர்ந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1983இல் இதைத் தன் சோதனை வழிகாட்டி எண் 471 ஆக ஏற்று, 1997இல் திருத்தியது. அதிலிருந்து ஒரு புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ சந்தைக்கு வர வேண்டுமென்றால், உருவாக்கத்தின் தொடக்கத்திலேயே இந்தத் தட்டைத் தாண்ட வேண்டும். தோற்ற மூலக்கூறுகள் பெரும்பாலும் அங்கேயே கைவிடப்படுகின்றன. அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

2018 ஜூலையில் வல்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் டைமெதில்நைட்ரசமீன் கலந்திருப்பது தெரியவந்து, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. 1971இல் மாலிங் சோதித்த அதே பொருள். அதன்பின் இந்திய ஏற்றுமதி நிறுவனங்கள் உட்பட உலகின் மருந்து உற்பத்தியாளர்கள் எல்லோரும் தங்கள் மருந்துகளில் நைட்ரசமீன் உருவாக வழியிருக்கிறதா என்று ஆராய வேண்டியதாயிற்று. சிறிய நைட்ரசமீன்கள் சிலவற்றை வழக்கமான எலிக் கல்லீரல் சரிவரக் காட்டுவதில்லை. அதனால் வெள்ளெலியின் கல்லீரலையும் கூடுதல் அளவில் சேர்த்து, தட்டில் ஊற்றுவதற்கு முன்பே பாக்டீரியாவோடு சிறிது நேரம் வைத்திருக்கும் மேம்பட்ட ஏம்ஸ் சோதனையை ஒழுங்குமுறை அமைப்புகள் பரிந்துரைத்தன. அந்த முடிவுகளையும் கணக்கில் கொண்டுதான், ஒரு மாசு மாத்திரையில் எத்தனை நானோகிராம் வரை இருக்கலாம் என்று இன்று தீர்மானிக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அச்சேறுவதில்லை. நிறுவனத்திலிருந்து ஒழுங்குமுறை அமைப்பின் கோப்புக்குப் போகின்றன, செய்முறை என்ற தலைப்பின் கீழ் வழிகாட்டி 471ஐக் குறிப்பிடும் ஒரு வரியோடு.